தலைவரின் கார் கப்பலேறியது

இதனால் குடியிருப்போர் அனைவருக்கும் மிகுந்த பெருமிதத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஏ பிளாக் மூன்றாம் மாடியில் வசிப்பவரும், நமது நலச்சங்கத்தின் தலைவராகத் தொடர்ந்து மூன்றாவது முறை போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவரும், இவ்வளாகத்தின் வரலாற்றிலேயே முதன்முதலாக மின்சாரக் கார் வாங்கி நமக்கெல்லாம் வழிகாட்டியவருமாகிய நம் தலைவர் அவர்கள், குடும்ப சகிதம் வெளிநாட்டில் குடியேற இருக்கிறார். அவருடன் அவரது காரும் குடியேறுகிறது.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பை எழுதியவர் தலைவரேதான். ‘நம் தலைவர் அவர்கள்’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமில்லை. வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். போட்டியின்றி என்றதும் பொய்யில்லை. தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு அவரைத் தவிர வேறு யாரும் ஆசைப்படவில்லை.

அறிவிப்பில் ஒரு சின்ன விவரம் விட்டுப்போயிருந்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்தது அவருக்கில்லை, அவர் மனைவிக்கு.

மனைவி, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். வளாகமே அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். டியூட்டி முடிந்து வந்து, சமைத்து, மகளைப் படிக்க வைத்து, மிச்ச நேரத்தில் அவள் மொழித்தேர்வு எழுதினாள், நேர்காணலுக்குப் போனாள், வேலை வாங்கினாள். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தலைவர் பார்க்கிங் இடங்களுக்குப் புதிய எண்கள் போட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் சும்மா இருந்தவர் இல்லை. குளியலறைச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியில் வட்டார மேலாளராக இருந்தவர். கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தபோது வட்டாரத்தை எடுத்துவிட்டார்கள். வட்டாரம் போன பிறகு மேலாளர் மட்டும் என்ன செய்வார்? கொஞ்ச நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். கணக்கு முடித்துக் கையில் கொடுத்ததைக் கொண்டுபோய் அந்தக் காரை வாங்கினார். அவருடைய அத்தனை வருட உத்தியோகமும் வெள்ளை நிறத்தில், நான்கு சக்கரத்தோடு, கீழ்த்தளப் பார்க்கிங்கில் நின்றது. தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

விசா வந்த அன்றுதான் வீட்டில் முதல் விரிசல் விழுந்தது. மனைவியின் விசாவில் ‘திறன்பெற்ற பணியாளர்’ என்றிருந்தது. அவருடையதில் ‘சார்ந்து வாழ்பவர்’. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். துடைத்ததால் எழுத்து மாறிவிடவில்லை.

“எல்லாருக்கும் அப்படித்தாங்க போடுவாங்க. பாப்பாவுக்கும் அதேதான் போட்டிருக்கு” என்றாள் மனைவி.

“பாப்பாவுக்கு வயசு பதிமூணு.”

“அதத்தான் சொல்றேன். அவளே ஒண்ணும் சொல்லல.”

தலைவர் அன்று இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாவது வேளை, தட்டில் கை வைத்துக்கொண்டே சொன்னார்: “கார் நம்ம கூட வரும்.”

“எங்க?”

“எங்கன்னா? நாம போற எடத்துக்கு. சாமான் கொண்டுபோக ஆஸ்பத்திரிக்காரங்க கன்டெய்னர் தராங்கள்ல?”

“அது தையல் மிஷினு, பாப்பா சைக்கிளு, பாத்திர பண்டத்துக்கு. அங்க போய் பழைய கார் ஒண்ணு வாங்கிக்கலாம்ங்க. இத வித்துடுங்க.”

“வித்துடவா?” தலைவர் மகளைப் பார்த்தார், நீதி கேட்பவர்போல. “அம்மா சொல்றத கேட்டியா? வித்துடணுமாம்.”

“பிளக் அங்க வேறயாம்ப்பா” என்றாள் மகள், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்த ஒயரு அங்க சொருகாது.”

“அதுக்கு அடாப்டர் இருக்கு.”

“நமக்கும் எதாவது அடாப்டர் இருக்கான்னு பாருங்க” என்றாள் மனைவி. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கப்பல் ஏஜென்டின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு அடியில் ஒரு பக்கெட். மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் கப்பல். கணவன் மனைவி இருவரும் போயிருந்தார்கள். ஏஜென்ட் ஒல்லியான மனிதர். இந்த உலகத்தில் எதையும் எங்கேயும் அனுப்பலாம் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. மின்சாரக் கார் என்றதும் அந்த எழுத்து கொஞ்சம் மங்கியது.

“அனுப்பலாம் சார். ஆனா இது சாதாரண கார் மாதிரி இல்ல சார். பேட்டரி பெருசு. தீப்பிடிச்சா கடல் தண்ணி முழுக்க ஊத்துனாலும் அணையாதுன்னு கப்பல்காரன் பயப்படறான். சார்ஜ் முப்பது சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். ஒரேயடியா தீர்ந்துபோயும் இருக்கக்கூடாது, ஏன்னா கப்பலுக்குள்ள அதுவாத்தான் ஓடி ஏறணும். அப்பறம் இங்க ரெஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணிடுவோம். ரத்து பண்ணிட்டா இங்க திரும்ப ரோட்ல ஓட்ட முடியாது.”

“ஓட்ட யார் இருக்கப்போறா?” என்றார் தலைவர்.

“ஒண்ணே ஒண்ணு சார். குடிபெயர்ற சாமான்னு வரியில்லாம எறக்கணும்னா, காரு யார் பேர்ல இருக்கோ அவங்க அங்க குடியேறியிருக்கணும். வேலை மேடத்துக்கு. காரையும் மேடம் பேருக்கு மாத்திட்டீங்கன்னா சுலபமா முடிஞ்சிரும். வண்டிய என்கிட்ட விட்டுட்டு நீங்க குடும்பத்தோட பிளைட் ஏறிடலாம். உங்க பேர்லயே போகணும்னா, பரிசோதனை முடிஞ்சு கப்பல்ல ஏத்துற வரைக்கும் நீங்க இங்க இருந்தாகணும்.”

மனைவி உடனே கணவர் பக்கம் திரும்பினாள். “மாத்திடுங்க. யார் பேர்ல இருந்தா என்ன?”



“என் கார்” என்றார் தலைவர், “என் பேர்லதான் போகும்.”

நாட்டின் எல்லையைக் காக்கும் தளபதி பேசியிருக்க வேண்டிய தொனி அது. ஏஜென்ட் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவி வாதாடவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போது மட்டும் சொன்னாள். “விசாவுல தேதி போட்டிருக்கு. மூணு மாசத்துக்குள்ள நீங்க அங்க வந்து எறங்கியாகணும். ஞாபகம் வெச்சுக்குங்க.”

“கப்பல் அடுத்த வாரம் கெளம்புது. ஏத்தி விட்டுட்டு மறுநாளே பிளைட்டு. மூணு மாசம் எதுக்கு, மூணு நாள் போதும்.”

அடுத்த பிரச்சினை சார்ஜை இறக்குவது. தலைவர் காரை எப்போதும் நிறையச் சார்ஜோடுதான் வைத்திருப்பார், சிலர் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பதுபோல. இப்போது அதை வீணாக்க வேண்டும். எப்படி வீணாக்குவது? ஓட்டித்தான். எங்கே ஓட்டுவது? எங்கேயும் போக வேண்டியதில்லை. எனவே வளாகத்திலுள்ளவர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். ஏசி முழு வேகத்தில், பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய, பின் கண்ணாடியில் சூடேற்றும் கம்பிகூட வேலை செய்ய, கார் வட்டச்சாலையில் நோக்கமின்றிப் போய்க்கொண்டிருந்தது.

முன் சீட்டில் சங்கத்தின் செயலாளர். பள்ளியில் கணக்கு வாத்தியார். எல்லாக் கூட்டத்திலும் தலைவர் பேசி முடித்ததும் “அதாவது” என்று ஆரம்பித்து நேர்மாறாகச் சொல்பவர்.

“தலைவரே, போன வருசம் எங்க மாமனாருக்கு நெஞ்சுவலின்னு ஓடி வந்து கேட்டப்ப, சார்ஜ் கம்மியா இருக்குன்னீங்க. இப்ப சார்ஜ் ஜாஸ்தியா இருக்குன்னு வீடு வீடா வந்து ஏத்துறீங்க.”

“அது வேற சூழ்நிலை.”

“ஆமா, அவருக்கும் வேற சூழ்நிலைதான். ஆட்டோவுல போனாரு.” செயலாளர் ஜன்னலை இறக்கினார். “இத தொறந்து வெச்சா இன்னும் சீக்கிரம் தீருமா?”

பின் சீட்டில் மூன்று பெண்களும் இரண்டு குழந்தைகளும் சிரித்தார்கள். தலைவர் அதை வழியனுப்பும் அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியில் இருபத்தெட்டு சதவீதத்தில் கார் துறைமுகக் களத்துக்குள் நுழைந்தது. பெரிய மைதானம், வரிசை வரிசையாக வண்டிகள். “எல்லாத்தையும் அணைச்சிட்டுப் போங்க சார். கேமரா, அது இது எதுவும் ஓடக்கூடாது. வண்டி தூங்கணும்” என்றார் ஏஜென்ட். தலைவர் தலையாட்டினார். அணைக்கவில்லை. அந்தக் காரில் காவல் வசதி என்று ஒன்று உண்டு. நாலாபுறமும் கேமராக்கள் விழித்திருந்து, யாராவது அருகில் வந்தால் சொந்தக்காரரின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். முன்பின் தெரியாத மைதானத்தில் தன் காரை யாராவது குருட்டுக் காராக விட்டுவிட்டு வருவார்களா?

விமான நிலையத்துக்கு மனைவியையும் மகளையும் மனைவியின் தம்பி தன் வேனில் கொண்டுபோய் விட்டான். பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வேன். சீட்டுகளின் முதுகில் பூனைப் படங்கள். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அவன் தலைவரிடம் வந்தான்.

“மாமா, பொண்டாட்டி புள்ளைய மொதல்ல அனுப்பிட்டு நீங்க காருக்குத் துணையா நிக்கிறீங்க. கார் தனியா போனா பயப்படுமா?”

“நக்கலா? நாலு நாள்ல நானும் போயிடுவேன்.”

“போங்க போங்க. அக்கா மொகத்த பாத்தீங்களா?”

தலைவர் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரின் பானெட்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. திரையில் அது பிரமாதமாகத் தெரிந்தது. செல்போனிலிருந்தே ஹாரனை அழுத்தினார். காக்கை பறந்தது. “பாத்தியா!” என்று நிமிர்ந்தபோது மனைவியும் மகளும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். மகள் மட்டும் திரும்பிக் கையசைத்தாள். அவரும் அசைத்தார், செல்போன் இருந்த கையால்.

கப்பல் அந்த வாரம் கிளம்பவில்லை. துறைமுகத்தில் ஏதோ தகராறு, பத்துப் பன்னிரண்டு நாள் தாமதம் என்றார்கள். இதனால் தலைவருக்குப் பெரிய வருத்தமில்லை. சங்க அறைக்குத் தினமும் வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் செல்போனைக் காட்டினார். காலையில் காரைப் பார்ப்பார். பல் தேய்த்துவிட்டுப் பார்ப்பார். சாப்பிட்ட கை காயும் முன் பார்ப்பார். உள்ளே வெப்பம் எவ்வளவு, கதவு பூட்டியிருக்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா? வெயில் அதிகம் என்று தோன்றினால் ஆளில்லாத காரில் ஏசி போட்டுவிடுவார். கார் அங்கே நின்றபடியே, அவர் இங்கிருந்தே, இருவரும் ஒருவரையொருவர் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். “அப்பா, என் ரூம் பாருங்க. ஜன்னல் எவ்ளோ பெருசு! அங்க தெரியுதுல்ல, அதான் ஸ்கூல். நடந்தே போயிடலாம். இன்னிக்கு கிளாஸ்ல நான் பேசினது யாருக்கும் புரியல, அப்பறம் ஒரு பொண்ணு வந்து…”

“ஒரு நிமிசம்டா கண்ணு, காருகிட்ட யாரோ வந்திருக்கான்.”

வந்தவன் களத்தைக் கூட்டுகிறவன். காரின் அடியில் கிடந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தலைவர் திரும்ப மகளிடம் வந்தபோது திரையில் ஜன்னல் மட்டும் இருந்தது. செல்போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவள் எங்கோ போயிருந்தாள். அந்தப் பெண் வந்து என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஏஜென்ட் கூப்பிட்டார். குரலில் வழக்கமான ‘சார்’கள் குறைந்திருந்தன.

“கப்பல் வந்து நிக்குது. உங்க வண்டி எழுந்திரிக்க மாட்டேங்குது.”

“எழுந்திரிக்கலன்னா?”

“செத்துக் கெடக்குது சார். கதவே தொறக்கல. நகத்த முடியல, சக்கரம் பூட்டிக்கிச்சு. சார்ஜ் சைபர். சார், அத தூங்க விட்டீங்களா இல்லியா?”

“நான் என்ன பண்ணேன்? எடுத்துப் பாத்தேன், அவ்வளவுதான்.”

“அதான் சார். நீங்க பாக்குறப்பல்லாம் அது முழிச்சுக்கும். முழிச்சா கரண்டு செலவாகும். ஒரு நாளைக்கு எத்தன வாட்டி பாத்தீங்க?”

சங்கத்தில் கேட்டிருந்தால் எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள்.

கப்பல் காரை விட்டுவிட்டுப் போனது. அதோடு முடியவில்லை. ஒரேயடியாகச் செத்த பேட்டரியை ஆபத்தான பேட்டரி என்று களத்துக்காரர்கள் ஒதுக்கி நிறுத்தி, சுற்றிலும் சிவப்பு நாடா கட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து பரிசோதித்து, கெட்டுப்போகவில்லை என்று சான்று கொடுத்தால்தான் சார்ஜே ஏற்ற முடியும். அந்த அதிகாரி இன்னும் மூன்று துறைமுகங்களுக்கும் சேர்த்து ஒருவர். ‘வருவார்’ என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கும் ‘வருவார்’ என்றார்கள்.

மனைவி முதல் தடவை பொறுமையாகச் சொன்னாள். “கார் கெடக்கட்டும்ங்க. ஏஜென்ட்கிட்ட சொல்லி, வர்ற வெலைக்குத் தள்ளிவிட்டுட்டு வாங்க.”

“சிவப்பு நாடா கட்டி வெச்சிருக்கற கார எவன் வாங்குவான்? நடுத்தெருவுல விட்டுட்டு வரச் சொல்றியா?”

“எங்கள விட்டுட்டு நிக்கலியா நீங்க?”

இரண்டாவது தடவை, மூன்று மாதக் கெடு முடியப்போகும் சமயம், அவள் அங்கிருந்த அலுவலகத்தில் கெஞ்சி, விசா தேதியை ஒரு மாதம் தள்ளி வாங்கிவிட்டுச் சொன்னாள். “ஒரு தடவைதான் தள்ளுவாங்களாம். வாங்கிட்டேன். இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க எறங்கலன்னா விசா போச்சு. மொதல்லேருந்து எல்லாம் பண்ணணும், கெடைக்குமான்னும் தெரியாது. வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.”

தலைவர் சரி என்றார். டிக்கெட்டை அச்செடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இவ்விடத்தில் தலைவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யாரிடமும் சொல்லாமல் அவர் அந்த நாட்டில் வேலைக்கு முயன்றிருந்தார். ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் அவரைக் கணினி வழியாக நேர்காணல் செய்தாள். அதற்காகக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேஜைக்குக் கீழே லுங்கி. வட்டார மேலாளர் என்றால் என்ன வேலை என்று அவள் கேட்டாள். தலைவர் விளக்கினார். வளர்ச்சி, தலைமைப்பண்பு, அணியை வழிநடத்துதல் என்று வெகுநேரம் விளக்கினார். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?” என்றாள்.

“சொந்தமா மின்சாரக் காரே வெச்சிருக்கேன்” என்றார் தலைவர்.

“ரொம்ப நல்லது” என்று அவள் மகிழ்ந்தாள். அவர்களுடைய பார்சல் வேன்கள் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவைதானாம். உடனே சேர்ந்துகொள்ளலாமாம்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு அவர் வெகுநேரம் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மகளிடம் கூடச் சொல்லவில்லை. இதற்கு அப்புறம்தான் பாதுகாப்பு அதிகாரி எப்போது வருவார் என்று கேட்பதை அவர் குறைத்துக்கொண்டார். ‘வருவார்’ என்ற பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதிகாரி வராதவரை அவர் காருக்காகக் காத்திருக்கும் மனிதர். அதில் ஒரு கௌரவம் இருந்தது.

கெட்ட காலம், அதிகாரி வருவதாகத் தகவல் வந்துவிட்டது. அதுவும் டிக்கெட் போட்டிருந்த அதே வியாழக்கிழமை, காலையில். விமானம் மதியம். களம் ஊரின் ஒரு கோடியில், விமான நிலையம் மறுகோடியில்.

“நான் போய்ப் பாத்துக்கறேன் சார், நீங்க பிளைட்டப் புடிங்க” என்றார் ஏஜென்ட். “பேட்டரிய பாக்கத்தான வராரு, உங்கள இல்ல. விசா அவசரம்னு துறைமுகத்துல பேசி தனி அனுமதி வாங்கிட்டேன். சான்று வந்தப்பறம் ஒரு கையெழுத்துதான், அங்கேருந்தே அனுப்பலாம்.”

“ஓனர் இல்லாம எப்படிய்யா?” என்றார் தலைவர். “நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?”

புதன்கிழமை மனைவி கூப்பிட்டாள். டியூட்டி இடைவேளை, பின்னால் இயந்திரங்கள் சீராக முனகிக்கொண்டிருந்தன.

“பெட்டி கட்டிட்டீங்களா?”

“கட்டியாச்சு. காலைல மட்டும் களத்துக்கு ஒரு எட்டு போயிட்டு…”



“நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காம சொல்லுங்க. உங்களுக்கு இங்க வர விருப்பமா இல்லியா?”

“என்ன கேள்வி இது? வராம?”

“இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் பாப்பாகிட்ட அதையே சொல்லிடுவேன். காருக்காக நிக்கறீங்கன்னு இனிமே அவகிட்ட சொல்ல முடியாது. ஒரு தடவ சொன்னேன். ‘அப்ப நம்மள விட அது பெருசாம்மா’ன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?”

தலைவர் எத்தனையோ பொதுக்குழுக்களைச் சமாளித்தவர். தண்ணீர் வராத மாதத்தில்கூட மேடையில் அரைமணி நேரம் பேசியவர்.

“நான் அங்க வந்து என்ன பண்ணுவேன்?” என்றார் கடைசியில்.

“எல்லாரும் பண்றத பண்ணுவீங்க. எதாவது வேலைக்குப் போவீங்க. பாப்பாவ ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வருவீங்க. சோறு வெப்பீங்க. நான் பண்ணலியா இத்தன வருசமா?”

“எல்லாரும் என்ன சிஸ்டர் புருசன்னுதான சொல்லுவாங்க.”

“அங்க நம்ம வளாகத்துலயும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாள் மனைவி. “உங்களுக்குத்தான் தெரியாது.”

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பெட்டியோடு தலைவர் டாக்ஸியில் ஏறினார். மச்சினன் வேனைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வருவதற்குள் கிளம்பிவிட்டார். டாக்ஸிக்காரன் எங்கே என்று கேட்டான். தலைவர் களம் என்றார். அதிகாரி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நாற்காலி இல்லாததால் தலைவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். வெயிலில் சிவப்பு நாடாவுக்குள் கார் நின்றது. புழுதி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. கைக்குட்டையால் ஒரு கண்ணாடியைத் துடைத்தார். சட்டைப்பையில் டிக்கெட் வியர்வையில் ஊறியது. மச்சினன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். செல்போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை.

விமானம் பறந்த பிறகு அதிகாரி வந்தார். கருவியை மாட்டினார், எண்களைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். “பேட்டரிக்கு ஒண்ணுமில்ல. சார்ஜ் போட்டா ஓடும்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தலைவர் ஏஜென்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நான் சொன்னேன்ல? வண்டி ஸ்ட்ராங்கு!”

ஏஜென்ட் அவரையும் அவர் பெட்டியையும் பார்த்தார். “நீங்க ஊருக்குப் போகலியா சார்?”

மறுநாள் வெள்ளிக்கிழமை. எந்த விமானத்திலும் இடமில்லை என்று தலைவர் எல்லோரிடமும் சொன்னார். செயலாளர் தன் செல்போனில் தேடி, காலை விமானத்தில் மூன்று இடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை அவரிடம் காட்டவில்லை. முதன்முறையாக அவர் ‘அதாவது’ என்று ஆரம்பிக்கவில்லை.

விசா காலாவதியானதும் காரின் நிலைமை விநோதமாயிற்று. ஏஜென்ட் மேஜைமேல் கையை விரித்தார். “நீங்க அங்க குடியேறல. அதனால உங்க பேர்ல போகாது. இங்க ரெஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணியாச்சு. அதனால ரோட்ல ஓடாது. களத்துல எத்தன நாள் வாடகை கட்டி வெச்சிருப்பீங்க? மேடம் பேருக்கு மாத்தினா மட்டும் இப்பவும் அனுப்பலாம்.”

பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவியைக் கேட்டார்கள். அவளுக்குக் காலை டியூட்டிக்கு அந்நேரத்தில் பஸ் கிடையாது. அங்கே போய் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியிருந்தாள். “சரி, அனுப்புங்க” என்றாள்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். தன் பெயருக்கு நேரே ‘முன்னாள் உரிமையாளர்’ என்று இருந்ததைக் கண்ணாடியைத் துடைக்காமலே படித்தார்.

இந்த முறை கார் நன்றாகத் தூங்கியது. கப்பலில் ஏறியது, கடலைக் கடந்தது, சோதனைகளையெல்லாம் ஒரே நாளில் முடித்துக்கொண்டு இறங்கியது. சாலையில் ஓட அனுமதி பெற்றது; நிரந்தரமாகவே பெற்றது. அடாப்டரும் கச்சிதமாகப் பொருந்தியது. மகள் ஒரு படம் அனுப்பினாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மனைவி, சீருடையில். பக்கத்தில் மகள், இன்னொரு பெண்ணின் தோளில் கை போட்டபடி. படத்துக்குக் கீழே ‘சூப்பரா இருக்குப்பா’ என்று எழுதியிருந்தாள். எது என்று எழுதவில்லை.

தலைவர் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். ‘நம் வளாகத்தின் முதல் மின்சாரக் கார் அயல்நாட்டு மண்ணில்’ என்று தலைப்பு கொடுத்தார். கூட்டம் கூடிப் பார்த்தது. சிஸ்டர் இளைத்துவிட்டாள் என்றார்கள், மகள் வளர்ந்துவிட்டாள் என்றார்கள். சங்கத் தலைவர் பதவிக்கு அந்த வருடமும் போட்டியில்லை.

“அப்ப நீங்க எப்ப கெளம்புறீங்க தலைவரே?” என்று கேட்டார் செயலாளர்.

“விசா புதுசா போட்டிருக்கு” என்றார் தலைவர், படத்தின் மூலையை நகத்தால் தேய்த்து ஒட்டியபடி. “வந்துரும்.”

விசாவுக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை.